முத்து குளிச்சவனுக்கு மூணுல ஒண்ணு, பந்து ஆடுறவனுக்கு?

அமெரிக்காவுல காலேஜ் பசங்க ஃபுட்பால் ஆடுறதுக்கு இப்போ காலேஜே நேரடியா காசு கொடுக்குது. 2025 ஜூலை 1-ல இருந்து. ரகசியமா கவர்ல வச்சு இல்ல, பகிரங்கமா, கணக்கு எழுதி.

இதுக்கும் தூத்துக்குடிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு. கொஞ்சம் சுத்தித்தான் வரணும், பொறுமையா வாங்க.

முதல்ல அந்த ஊர்க் கதை. அவங்க ஃபுட்பால்ங்கிறது நம்ம கால்பந்து கிடையாது. தலையில ஹெல்மெட், தோள்ல கவசம், கையில கோழிமுட்டை மாதிரி ஒரு பந்து. பேருதான் ஃபுட்பால், பாதி நேரம் கையிலதான் எடுத்துட்டு ஓடுவான். ஆனா கூட்டம்னா கூட்டம்! மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்துல உக்காரக்கூடிய ஆள் எண்ணிக்கை 1,07,601. ஒரு காலேஜ் டீம் ஆடுறதப் பாக்க இவ்ளோ பேர். டிவி உரிமை, டிக்கெட், விளம்பரம்னு பணம் கொட்டுது. அங்க நிறைய மாநிலங்கள்ல அதிகச் சம்பளம் வாங்குற அரசு ஊழியர் கவர்னர் கிடையாது, அரசுப் பல்கலைக்கழகத்தோட ஃபுட்பால் கோச்!

ஆனா ஆடுற பையனுக்கு? ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு. அவ்ளோதான். கேட்டா, "அவன் தொழிலாளி இல்ல, மாணவ விளையாட்டு வீரன்"னு பதில் வரும்.

இந்த "மாணவ விளையாட்டு வீரன்"ங்கிற சொல்லு எப்படி வந்துச்சுன்னு படிச்சப்போ எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. 1955-ல கொலராடோ மாநிலத்துல ரே டென்னிசன்னு ஒரு மாணவர், காலேஜ் டீமுக்கு ஆடும்போது தலையில அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி, வேலையில செத்தா கிடைக்கிற இழப்பீடு வேணும்னு கேட்டாங்க. 1957-ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், காலேஜ் ஒண்ணும் ஃபுட்பால் வியாபாரம் பண்ணலையேன்னு சொல்லி, கிடையாதுன்னு தீர்ப்பு கொடுத்துடுச்சு. காலேஜ் விளையாட்டுகளை நடத்துற என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்தக் காலத்துலதான் இந்தச் சொல்லைப் பரப்ப ஆரம்பிச்சது. இழப்பீடு கேட்டு யாரும் வந்துடக்கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சோம்னு அந்த அமைப்போட தலைவரா இருந்த வால்டர் பையர்ஸ் பின்னால தன் புத்தகத்துலயே எழுதிட்டார்.

அப்புறம் நிறைய வழக்கு. 2021 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலா என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்பு சொன்னாங்க. அடுத்த மாசமே, வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு கதவு திறந்தது. 2025 ஜூன் 6-ல இன்னொரு வழக்குல சமரசம். பழைய வீரர்களுக்குப் பத்து வருஷத்துல சுமார் 280 கோடி டாலர். முதல் வருஷமான 2025-26-க்கு ஒவ்வொரு காலேஜும் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் (நம்ம காசுக்கு 170 கோடிக்கு மேல) வீரர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம். பெரிய காலேஜ்களோட சராசரி விளையாட்டு வருமானத்துல இது 22 சதவீதம்னு கணக்குப் போட்டிருக்காங்க.

இந்த 22 சதவீதத்தப் படிச்சதும்தான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்துச்சு.

நம்ம கடல்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, குளிச்சவனுக்கு என்ன கூலி தெரியுமா? மூணுல ஒரு பங்கு! வெள்ளைக்காரன் காலத்துல தூத்துக்குடியிலயும், அக்கரையில மரிச்சுக்கட்டியிலயும் இதுதான் நடைமுறை. காலையில தோணி போகும். கல்லைக் கட்டிக்கிட்டு எட்டு, பத்து பாகம் ஆழத்துல இறங்கி, மூச்சடக்கி, கையில கிடைச்ச சிப்பியை எல்லாம் கூடையில வாரிப் போட்டுட்டு கயித்தை அசைப்பான். மேல நிக்கிறவன் இழுப்பான். மதியத்துக்கு மேல கரைக்கு வந்ததும் சிப்பியை மூணு குவியலாப் பிரிப்பாங்க. ரெண்டு அரசாங்கத்துக்கு. ஒண்ணு குளிச்சவனுக்கும் கயிறு பிடிச்சவனுக்கும். அதுவும் திறக்காத சிப்பி. உள்ள முத்து இருந்தா அவன் அதிர்ஷ்டம், இல்லைன்னா இல்ல. ஆனா பங்கு அன்னைக்கே கையில வந்துடும்.

நல்லவங்க, தர்மவான்கள் நடத்துனாங்கன்னு சொல்ல வரல. சுறாவுக்கும் மூச்சுத் திணறலுக்கும் யாரும் இழப்பீடு கொடுக்கல. ஆனா ஒரு விஷயம் பாருங்க. கடலுக்கு அடியில இறங்குறவனுக்கு வருமானத்துல பங்கு உண்டுங்கிறது அந்தக் காலத்துலயே யாருக்கும் சந்தேகம் இல்லாத சமாச்சாரம். அவனைப் பாத்து, "நீ தொழிலாளி இல்லப்பா, நீ ஒரு நீச்சல் மாணவன்"னு யாரும் சொல்லல :-)

1961-ல இங்க கடைசி முத்துக்குளிப்பு நடந்துச்சு. அதோட அது முடிஞ்சது. ஆனா பங்கு முடியல. இன்னைக்கும் கடலுக்குப் போற போட்டுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறதுதான் வழக்கம். திரேஸ்புரத்துல போய் ஒரு சின்னப் பையனைக் கேட்டாக்கூட பங்குன்னா என்னன்னு சொல்லிடுவான்.

அதே பையன் பந்து நல்லா ஆடி ஒரு காலேஜ்ல சேந்தா? அங்கதான் பங்கு காணாமப் போயிடும்.

நம்மூர்ல காலேஜ் பந்தாட்டம் எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காக: பிளஸ் டூ முடிச்ச பையன் மாவட்ட டீம்லயோ மாநில டீம்லயோ ஆடின சர்டிபிகேட் வச்சிருந்தா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கிடைக்கும். தமிழ்நாடு அரசுக் கவுன்சிலிங்ல இன்ஜினியரிங்குக்கே 500 சீட் இதுக்குன்னு ஒதுக்கி இருக்கு. கலைக் கல்லூரிகள்ல பி.டி. சார் பாத்து, பேசி, கூட்டிட்டு வருவார். நம்ம மாவட்டத்துக் காலேஜ்னா நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வரும். முதல்ல காலேஜுகளுக்குள்ள போட்டி. அதுல கண்ணுல பட்டவன் பல்கலைக்கழக டீம். அங்கேயிருந்து தென்மண்டலப் போட்டி, அப்புறம் அகில இந்தியப் போட்டி.

டிக்கெட் கிடையாது. டிவி கிடையாது. தருவை மைதானத்துல ஒரு மேட்ச் நடந்தா பாக்குறவங்கள்ல பாதிப் பேர் அடுத்த மேட்ச் ஆட வந்த பசங்க. அப்போ 22 சதவீதம்னா எதுல 22 சதவீதம்? சைபர்ல என்ன பங்கு பிரிக்க? அதனால இங்க யாரும் யாரையும் ஏமாத்தலைன்னு நினைக்கத் தோணும்.

எனக்கும் ரொம்ப நாள் புரியாம இருந்த விஷயம் இது. அப்போ எதுக்குத்தான் பசங்க காலை அஞ்சரை மணிக்கு எழுந்து, வெறும் வயித்துல ஓடி, சாயங்காலம் திரும்பவும் மைதானத்துக்கு வந்து உயிரைக் கொடுத்து ஆடுறாங்க? பந்து மேல இருக்க ஆசை ஒண்ணு. இன்னொண்ணு, வேலை.

ஆமா. நம்ம நாட்டுல காலேஜ் விளையாட்டுக்காரனுக்குச் சம்பளம் எப்பவுமே இருந்துச்சு. என்ன, அதை மூணு வருஷம் கழிச்சுக் கொடுத்தாங்க. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், வருமான வரி, போலீஸ், மின்வாரியம்னு ஒவ்வொரு துறைக்கும் டீம் இருந்துச்சு. பெரிய துறைமுகங்களும் தங்களுக்குள்ள போட்டி நடத்துச்சு. நல்லா ஆடுனா வேலை. ஆடி முடிச்சு கால் ஓஞ்ச பிறகும் 58 வயசு வரைக்கும் சம்பளம், அப்புறம் பென்ஷன். காலேஜ்ல ஓடுன ஓட்டத்துக்கெல்லாம் சேத்து வச்சுக் கொடுத்த கூலி அது.

எங்க தெருவுல அப்படி வேலைக்குப் போன அண்ணன் ஒருத்தர் இருந்தார். அவர் யூனிஃபார்ம் போட்டுட்டு ஹார்பருக்கு சைக்கிள்ல போறதப் பாத்துதான் எங்க செட்டுப் பசங்க பாதிப் பேர் பூட்ஸ் வாங்கினோம். எங்க அம்மாக்கூட, "பந்து விளையாடினா பொழச்சுக்குவான்"னு நம்பின காலம் அது.

இப்போ? துறைமுகம் வளந்திருக்கு, சரக்கு கூடியிருக்கு, சந்தேகமே இல்ல. ஆனா 1990களோட கடைசியிலயே முதல் தனியார் கன்டெய்னர் டெர்மினல் வந்தாச்சு. ஒரு கிரேனும் ஒரு கம்ப்யூட்டரும் பாக்குற வேலைக்கு முன்ன எத்தனை பேர் இருந்தாங்கன்னு ஹார்பர்ல ரிட்டையர் ஆனவங்களைக் கேட்டாத் தெரியும். ஒப்பந்தத்துல ஆள் எடுக்குற கம்பெனி எதுக்குங்க சென்டர் ஃபார்வர்டு தேடப் போகுது? வங்கிகள்லயும் அதே கதைதான். தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு மூணு சதவீத ஒதுக்கீடு இருக்கு, நல்ல விஷயம். ஆனா அது தேசிய அளவுல, சர்வதேச அளவுல சாதிச்சவங்களுக்குத்தான் எட்டும். பல்கலைக்கழக டீம்ல ரைட் பேக் ஆடினவனுக்கு அது தூரத்து லைட் ஹவுஸ் மாதிரி. தெரியும், ஆனா போய்ச் சேர முடியாது.

அதாவது, "கூலியைப் பின்னால தர்றேன்"னு சொன்ன ஆள் கடையை மூடிட்டுப் போயிட்டான். ஆனா வேலை வாங்குறது மட்டும் அப்படியே நடக்குது. இதுதான் நான் சொல்ல வந்த மெயின் மேட்டர்.

என் கூட்டாளி ஒருத்தன் கதையைச் சொல்லியே ஆகணும். பேரு வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இலவச சீட், இலவச ஹாஸ்டல். லெஃப்ட் விங்ல அவன் ஓடுனா பிடிக்க ஆள் இல்ல. ரெண்டாம் வருஷம் ஒரு மேட்ச்ல முழங்கால் திரும்பிடுச்சு. உள்ள சவ்வு கிழிஞ்சிருச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். காலேஜ்ல இருந்து ரெண்டு பேர் வந்து ஆரஞ்சு, ஆப்பிள் கொடுத்துட்டுப் போனாங்க. ஆபரேஷன் செலவுக்கு அவன் அப்பா போட்டு முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினார். முன்பணம்னா கடற்கரை ஆளுங்களுக்குத் தெரியும். அதை அடைக்கிற வரைக்கும் வேற போட்டுக்குப் போக முடியாது. மூணாம் வருஷம் ஆரம்பத்துல, டீம்ல இல்லாததால ஃபீஸ் கட்டணும்னு காலேஜ்ல இருந்து லெட்டர் வந்துச்சு. ஏற்கனவே அட்டெண்டன்ஸ் கம்மி, நாலு பேப்பர் அரியர். அவன் காலேஜுக்கு வர்றதையே விட்டுட்டான்.

காலேஜ் டீமுக்கு ஆடினப்போ உடைஞ்ச முழங்காலுக்கு அப்பாவோட உழைப்பு அடமானம். ரே டென்னிசன் கதைக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சமுத்திரமும் அம்பது வருஷமும் இருக்கு. ஆனா கதை ஒண்ணுதான்: "நாங்க பந்து வியாபாரம் பண்ணலையே!"

சரி, அப்போ நம்மூர்லயும் காசு கொடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா? அவ்ளோ லேசு இல்ல. அமெரிக்காவுல இப்போ என்ன நடக்குதுன்னு பாருங்க. பையன் வருஷத்துக்கு ஒரு காலேஜ் மாறுறான். எவன் கூடக் கொடுக்குறானோ அங்க. பணக்காரப் பழைய மாணவர்கள் இருக்க காலேஜ் எல்லாரையும் அள்ளிட்டுப் போகுது. சின்ன காலேஜ் ஒரு பையனை ரெண்டு வருஷம் வளத்து விட்டா, மூணாம் வருஷம் அவன் பெரிய காலேஜ் ஜெர்சியில நிக்கிறான். பங்கு காசுல முக்கால்வாசி ஃபுட்பாலுக்கேன்னு பல காலேஜ்கள் முடிவு பண்ணியாச்சு. பெண்கள் டீம், நீச்சல், மல்யுத்தம் எல்லாத்துக்கும் மிச்சம் மீதிதான். சில காலேஜ்கள் சில டீம்களையே மூடிட்டாங்க.

நம்மூர்ல இது நடந்தா யாரு அடிபடுவான்னு சொல்லணுமா? சென்னை, கோயம்புத்தூர்ல இருக்க பெரிய தனியார் காலேஜ்கள் தூக்கிட்டுப் போயிடும். தூத்துக்குடி, நாகர்கோவில் காலேஜ் டீம்ல ஆள் இருக்காது. இப்பவே பாதி அப்படித்தான். இன்னொரு பக்கம் பெண்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியச் சாம்பியன் ஆன அணி. 2018-ல ஒரு தடவை, 2023-ல ஒரு தடவை. நம்ம மதுரை சேது எஃப்.சி. 2019-ல இந்திய மகளிர் லீக்கையே ஜெயிச்சது. "கூட்டம் வர்ற விளையாட்டுக்குத்தான் காசு"ன்னு வந்துட்டா இவங்க எல்லாம் எங்க போவாங்க? நம்ம மாவட்டத்துக் கோவில்பட்டி ஹாக்கியையே எடுத்துக்கோங்க. மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பையன், அரியலூர் கார்த்தி அங்க பயிற்சி எடுத்தவர். ரெண்டு பேரும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. கூட்டத்தைக் கணக்குப் பாத்திருந்தா இது நடந்தே இருக்காது.

அதே சமயம், காசே வேண்டாம், விளையாட்டு புனிதமானதுன்னு பேசுறவங்களையும் எனக்குப் பிடிக்காது. ஏன்னா காசு ஏற்கனவே இருக்கு. ஒளிஞ்சிருக்கு, அவ்ளோதான். மலப்புறத்துல செவன்ஸ் போட்டிக்குப் போய்ப் பாருங்க. ராத்திரி லைட் வெளிச்சத்துல, மூங்கில் கேலரி நிறைய ஜனம். ஆப்பிரிக்காவுல இருந்தெல்லாம் ஆள் வருவான். மேட்சுக்கு இவ்ளோன்னு கையில காசு. காலேஜ் டீம்ல ஆடுற பசங்க காலேஜுக்குத் தெரியாம போய் ஆடிட்டு வருவாங்க. கடற்கரை ஊர்கள்ல கோயில் திருவிழாப் போட்டியில "கெஸ்ட் பிளேயர்"னு ஆடுனா பஸ் காசு, சாப்பாடு, மேல ஐநூறோ ஆயிரமோ. நானே வாங்கியிருக்கேன், பெருமையா வாங்கியிருக்கேன். அந்த ஐநூறு ரூபாய்ல வாங்கின பரோட்டா ருசி இன்னும் நாக்குல நிக்குது. ஆனா அந்த மாதிரி மேட்ச்ல கால் உடைஞ்சா கேக்க நாதி கிடையாது. ஒளிஞ்சிருக்க காசுக்கு இதுதான் குறை. பொறுப்பு ஒட்டாது.

அதனால எனக்குத் தோணுறது இதுதான். நம்ம காலேஜ்கள் கிட்ட 170 கோடி கேக்க வேண்டாம். சம்பளம்ங்கிற பேரே வேண்டாம்னாலும் பரவாயில்ல. ஆனா எழுத்துல நாலு விஷயம் வேணும்.

ஒண்ணு, காலேஜ் ஜெர்சி போட்டு ஆடும்போது அடிபட்டா முழு வைத்தியச் செலவும் காலேஜோடது. டீமுக்கு மொத்தமா ஒரு இன்சூரன்ஸ் எடுக்குறதுக்கு, ஆண்டு விழா பந்தல் செலவை விடவா அதிகம் ஆகிடும்?

ரெண்டு, அடிபட்டு ஆட முடியாமப் போனாலும் டிகிரி முடிக்கிற வரைக்கும் இலவச சீட் இலவச சீட்டாவே இருக்கணும். காலு போனா சீட்டும் போகும்னா அது உதவித்தொகை இல்ல, தினக்கூலி.

மூணு, மாசம் ஒரு தொகை கைச்செலவுக்கு. கேலோ இந்தியா திட்டத்துல தேர்வாகுற வீரர்களுக்கு மத்திய அரசு மாசம் 10,000 ரூபாய் கொடுக்குது. ஆக, விளையாடுற மாணவனுக்குக் கையில காசு கொடுக்கலாம்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டாச்சு. அதுல கால்வாசியாவது காலேஜ் கொடுக்கட்டும். ஆம்பளைப் பசங்களுக்கும் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை. முட்டைக்கும் பூட்ஸுக்கும் வீட்டுல கேக்காம இருப்பாங்க.

நாலு, அசல் சர்டிபிகேட்டைக் காலேஜ் பிடிச்சு வைக்கக்கூடாது. யு.ஜி.சி. 2018-லயே இதைச் சொல்லியாச்சு. அப்படியும் விளையாட்டுக்காரப் பசங்க டி.சி.யும் மார்க் ஷீட்டும் ஆபீஸ் பீரோவுல மாட்டிக்கிட்டு இருக்கதை நான் பாத்திருக்கேன். போட்டு முதலாளி கொடுக்குற முன்பணம் மாதிரிதான் இதுவும். வேற போட்டுக்குப் போயிடாம கட்டிப் போடுற கயிறு. முன்பணத்துலயாவது கையில காசு வந்திருக்கும்.

சும்மா எழுத்துல வீரம் பேசறேன்னு நினைக்காதீங்க. போன வருஷம் எங்க அக்கா மகன் பிளஸ் டூ முடிச்சான். கோல் கீப்பர். வெளியூர்க் காலேஜ் ஒண்ணுல இருந்து பி.டி. சார் வீட்டுக்கே வந்துட்டார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், "எல்லாம் ஃப்ரீயாம்ல, நீ என்ன யோசிக்க?"ன்னு கேட்டா. நான் சாருக்கு ஒரு காபி கொடுத்துட்டு மேல சொன்ன நாலையும் வரிசையாக் கேட்டேன். மனுஷன் கோபப்படல. நல்லவர்தான். "தம்பி, இருபது வருஷமா பசங்களைக் கூட்டிட்டுப் போறேன், இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல"ன்னார்.

ஒரு வாரம் கழிச்சு காலேஜ் லெட்டர் பேட்ல எழுதிக் கொண்டாந்தார். அடிபட்டாலும் மூணு வருஷத்துக்கும் ஃபீஸ் கிடையாது, சேத்துக்கும்போதே அசல் சர்டிபிகேட் எல்லாம் சரிபாத்துத் திருப்பித் தரப்படும். ரெண்டுதான் கிடைச்சது. இன்சூரன்ஸுக்கு மேனேஜ்மென்ட்ல கேட்டிருக்கேன், கைச்செலவுக்கு இப்போதைக்கு வழியில்லன்னு சொன்னார். அந்த ரெண்டையும் தன் டீம்ல இருக்க மத்தப் பசங்களுக்கும் அப்படியே எழுதி வாங்கிட்டதா அவரே சொன்னப்போ, எனக்கு ஒரு கோல் போட்ட மாதிரி இருந்துச்சு.

மருமகன் அங்கதான் படிக்கான். இன்சூரன்ஸ் இன்னும் வரல. மாசம் ஒரு தடவை நான் சாருக்கு போன் போட்டு விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கேன். "உங்க மாமா பேரப் பாத்தாலே சாருக்குப் பக்குனு இருக்காம்"னு அவன் சிரிக்கான்.

சிரிக்கட்டும். உங்க வீட்டுப் பசங்களைத் தேடியும் ஒரு பி.டி. சார் வந்தா, காபி கொடுங்க. கூடவே இந்த நாலையும் கேட்டுடுங்க.